வண்டி ஏறாத ஐந்து நாள்

இலங்கைக்குப் போவதற்காகத்தான் நாங்கள் மரக்காணம் வழியாக நடந்தோம். இதை யாரிடம் சொன்னாலும் என் முகத்தை ஒரு முறை உற்றுப் பார்க்கிறார்கள்.

விஷயம் இதுதான். இலங்கையின் தேயிலை மலைகளுக்குள் முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு நடைவழி இருக்கிறது. நாள் கணக்கில் நடக்கலாம், வழியில் இருக்கும் வீடுகளில் சாப்பிட்டுத் தூங்கலாம். முப்பத்தொரு வருடம் திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு, போனில் அந்த வீடியோவைப் பார்த்ததும் கால் பரபரத்தது. போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் நாத்தனார் மங்கை, “நானும் வர்றேன் அண்ணி” என்றாள்.

எல்லோர் பார்வையும் அவள் காலுக்குப் போனது. ஏனென்றால் மங்கையின் வலது கணுக்காலில் ஒரு பிளேட்டும் ஏழு ஸ்குரூவும் இருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். முதல் படத்தை எடுத்தவளே நான்தான். அன்றிலிருந்து வானூரில் இருந்த அவள் வீட்டைப் பூட்டிவிட்டு அவளை எங்களோடு வைத்துக்கொண்டோம். கணவர் இல்லை, ஒரே மகன் கத்தாரில். அவன் தினமும் போன் செய்து, “மாடிப்படி ஏறலியே?” என்று விசாரிப்பான். தெருமுனைக் கடைக்குக்கூட என் வீட்டுக்காரர் தங்கைக்காகக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். வானூர் வீட்டைப் பெருக்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தால், அதற்கும் அவரே காரில் கொண்டுபோய் விடுவார். அவள் வாளியைத் தொட்டால் நான் பிடுங்கிக்கொள்வேன். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டுதான். நாங்கள் தொண்ணூறு ஆக்கிவிட்டோம்.

“அஞ்சு நாள் வண்டி ஏறாம நடந்து காட்டு. அப்புறம் இலங்கையப் பத்திப் பேசலாம்” என்றார் அவள் அண்ணன். நடக்காத காரியம் என்று நினைத்துத்தான் சொன்னார். மங்கை பூண்டைக் கீழே வைத்துவிட்டு, “சரி” என்றாள். மகனும் போனில் அதே நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டான்.

அப்படித்தான் குயிலாப்பாளையத்தில் தொடங்கி, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, சதுரங்கப்பட்டினம் வரை நடப்பது என்று முடிவானது. பேருந்து, ஆட்டோ, பைக்கின் பின்சீட்டு எதுவும் கூடாது. அவளுக்குத் துணை, பயிற்சியாளர், மேற்பார்வை மூன்றும் நான். என்னைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்குச் சுத்தமாக இல்லை.

முதல் நாள் காலை குயிலாப்பாளையத்தில் சிறுதானிய தோசை என்று ஒன்று கொடுத்தார்கள். மேலே வாழைப்பழமும் தேனும். சட்னி கேட்டதற்குப் பரிமாறிய பெண் வருத்தத்தோடு உள்ளே போய்த் தேடிவிட்டு வந்தாள். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் எங்கள் முதுகுப்பைகளையும் மங்கையின் கையில் இருந்த கோலையும் மரியாதையோடு பார்த்தார். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கிற மாதிரி நீளும், சுருங்கும் அலுமினியக் கோல். எந்தக் கடையில் வாங்கியது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அது எங்கள் வீட்டு ஒட்டடைக் கொம்பு, முனையில் இருந்த பிரஷ்ஷைக் கழற்றிவிட்டோம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் எழுந்து வந்து அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடப்பதில் பெரிய தொல்லை வெயிலோ லாரியோ இல்லை, பேருந்துதான். முதுகில் பையோடு இரண்டு பெண்கள் நடந்தால் எந்த ஓட்டுநருக்கும் மனசு கேட்பதில்லை. கை காட்டாமலே நிறுத்துகிறார்கள். வேண்டாம் என்றால் நடத்துநர் கோபித்துக்கொள்கிறார். ஒருவர் படியில் தொங்கியபடியே எங்கள் குடும்பத்தில் என்ன பிரச்சினை என்று கேட்டார். மற்றவர்கள் எல்லோரும் நாங்கள் வேண்டுதலுக்கு நடக்கிறோம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். டீக்கடையில் ஓர் அம்மா பதறியே போனார்.

“வேளாங்கண்ணி அந்தப் பக்கம்ல இருக்குது? நீங்க மெட்ராஸ் பக்கமா போறீங்களே” என்றார்.

சாமிக்காக இல்லை, சும்மாதான் நடக்கிறோம் என்றேன். அவர் நம்பவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று டீயோடு ஆளுக்கொரு மசால் வடை கொடுத்து, பேத்திக்குக் குழந்தை பிறக்க எங்களை வேண்டிக்கொள்ளச் சொன்னார். அன்று முழுக்க மங்கை அந்த முகம் தெரியாத பேத்தியைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு வந்தாள்.

வெளிநாட்டு நடைவழிகளில் மரத்துக்கு மரம் பெயிண்டில் குறி போட்டிருப்பார்களாம். எங்களுக்குக் குறி பெட்ரோல் பங்க்தான். கழிப்பறை உள்ள பங்க், கழிப்பறை உண்டு ஆனால் சாவி இல்லாத பங்க், சாவி இருந்தும் கதவு சாத்தாத பங்க் என்று மங்கை மனசுக்குள்ளேயே ஒரு வரைபடம் போட்டாள். ஆண்கள் எழுதும் நடைக் கட்டுரைகளில் இந்தத் தகவல் மட்டும் இருப்பதில்லை.

சாயங்காலம் கூனிமேட்டில் ஒரு மளிகைக் கடை வாசலில் ஷூவைக் கழற்றினோம். என் குதிகாலில் எலுமிச்சங்காய் அளவு கொப்புளம். மங்கையின் பாதத்தில் ஒன்றுமில்லை, ஆனால் நடை சாய்ந்துவிட்டது, வலது காலை லேசாக இழுத்தாள். கடைக்காரர் பாய், எங்கள் கதையைக் கேட்டதும் மனைவி மும்தாஜைக் கூப்பிட்டார். அந்த அம்மா எங்களை லாட்ஜ் தேட விடவில்லை. ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தில் விட்டு நீரை இறக்கினார். கோழிக்குழம்பும் பரோட்டாவும் வந்தன. போதும் என்ற சொல் அந்த வீட்டில் செல்லாது.

பாய் பதினெட்டு வருடம் துபாயில் இருந்தவர். அங்கே தங்குமிடத்திலிருந்து வேலை இடத்துக்கு நாலு கிலோமீட்டர் தினமும் நடப்பாராம். ஊருக்கு வந்த பிறகு கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிற ஐம்பது அடிக்கு பைக். காலையில் நாஷ்டா முடித்துக் கிளம்பியபோது, வெட்கப்பட்டுக்கொண்டு பைக்கைத் தள்ளிக்கொண்டே எங்களோடு தெருக்கோடி வரை நடந்தார்.

இரண்டாம் நாளை நான் எழுதப்போவதில்லை. வெயில், கருவாட்டு வாசனை, எறா தொக்கு, மறுபடி வெயில். மங்கை நொண்டிக்கொண்டே மரக்காணம் வந்து சேர்ந்தாள். நான் அவளுக்கு முன்னால் நடந்து, திரும்பித் திரும்பிப் பார்த்து, “முடியலன்னா சொல்லு” என்று நூறு தடவை சொன்னேன். அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அன்று மனசுக்குள் நான் இலங்கைக்குத் தனியாகப் போகத் தயாராகிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள்தான் உப்பளம். பொங்கல் முடிந்து மூன்றாவது வாரம். மழைத்தண்ணீர் வடிந்து, உப்பெடுக்கப் பாத்திகளைத் தயார் செய்கிற சமயம். சாலையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் சாம்பல் நிறச் சதுரங்கள், நடுவில் மெல்லிய வரப்புகள், தூரத்தில் ஓர் என்ஜின் தண்ணீர் இறைக்கும் சத்தம். சாலையைச் சுற்றிப் போவதைவிடக் குறுக்கே போனால் இரண்டு கிலோமீட்டர் மிச்சம் என்று போன் காட்டியது. மங்கையின் காலுக்கு இரண்டு கிலோமீட்டர் பெரிய விஷயம். குறுக்கே இறங்கினோம்.

வரப்பு வழுக்கியது. பக்கத்தில் ஒரு பாத்தி சிமெண்டுத் தரை மாதிரி வழவழவென்று, ஈரம் மின்ன, மட்டமாகக் கிடந்தது. மங்கை கொஞ்சம் தயங்கினாள். நல்ல பாதை இருக்கும்போது எதற்கு வரப்பில் தடுமாற வேண்டும் என்று அவள் கையைப் பிடித்து நான்தான் இறக்கினேன். ஆகா, என்ன சுகமான நடை. பாதிப் பாத்தி தாண்டியதும், எதிர்ப் பக்கம் வரிசையாக நின்றிருந்த ஐந்தாறு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். கையசைத்தேன். யாரும் திருப்பிக் கையசைக்கவில்லை.

அவர்களில் மூத்தவர் தனம் என்ற பெண்மணி. ஐம்பத்தைந்து வயது இருக்கும், புடவைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை. அவர் கத்தவில்லை. எங்களுக்குப் பின்னால் விரலை நீட்டினார். திரும்பிப் பார்த்தேன். அந்தக் கண்ணாடித் தரையில் குறுக்காக நான்கு ஷூக்களின் தடம், கட்டம் கட்டமாக, கோடு கோடாக, நடுநடுவே ஒட்டடைக் கொம்பு குத்திய ஓட்டை. நடையை நல்ல பிடிமானத்தோடு வைக்கும் ஷூ என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை.

பிறகுதான் புரிந்தது. அந்தத் தரை தானாக வந்ததில்லை. களிமண்ணில் தண்ணீர் விட்டு, வடித்து, மணல் தூவி, நாள் கணக்கில் வெறுங்காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். துளி பள்ளம் இருந்தாலும் உப்புத்தண்ணீர் அங்கே இறங்கிவிடும், விளைகிற உப்பில் மண் சேர்ந்து நிறம் மங்கிவிடும். நாங்கள் நடந்து வந்தது அவர்களின் மூன்று நாள் உழைப்பின் மேல்.

“ரெண்டு பேரும் செருப்பக் கழட்டுங்க” என்றார் தனம். “நீங்க போட்ட பள்ளத்த நீங்களே மிதிச்சு மூடிட்டுப் போங்க.”

நியாயம்தான். நான் ஷூவைக் கழற்றியபடி, இவள் காலில் பிளேட் இருக்கிறது, இவளை விட்டுவிடுங்கள், இரண்டு பேர் பங்கையும் நானே மிதிக்கிறேன் என்று தியாகி மாதிரி சொன்னேன். தனம் என் பக்கமே திரும்பவில்லை. மங்கையைப் பார்த்தார்.

“உனக்கு வலிக்குதாம்மா?”

இரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை நாங்கள் டாக்டரிடம் கேட்டிருக்கிறோம், பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டிருக்கிறோம், படத்தை வெளிச்சத்தில் பிடித்து நாங்களே கேட்டு நாங்களே பதிலும் சொல்லியிருக்கிறோம்.

“ஷூ போட்டாத்தான் வலிக்குது. கழட்டினா இல்லக்கா” என்றாள் மங்கை.

“அப்ப வா.”

எல்லோரும் தோளோடு தோள் நின்று, பக்கவாட்டில் நகர்ந்து மிதிக்க வேண்டும். ஒரு பாதம் வைத்த இடத்தில் பாதியை அடுத்த பாதம் மூட வேண்டும். குதிகாலை முதலில் ஊன்றி, உள்ளங்காலை மெல்ல இறக்கி, விரலை அழுத்தாமல் எடுக்க வேண்டும். மங்கைக்குப் பத்து நிமிடத்தில் அது வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. போகவேண்டிய தூரம் அப்படியே கிடக்கிறதே என்ற அவசரத்தில் நான் எட்டி எட்டி வைத்தேன்.

“நீங்க நடக்கிறீங்க. மிதிக்கல” என்றார் தனம். என் அடித்தடத்தைக் காட்டி மற்றவர்கள் சிரித்தார்கள். யாருடைய பாதம் எது என்று தடத்தை வைத்தே சொல்லிவிடுவார்களாம். என்னுடையதைச் சொல்ல அந்தத் திறமையெல்லாம் தேவைப்படவில்லை.

பதினொரு மணிக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதாயிரம் காலடி எண்ணியிருந்தது. ஊர் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அந்த எரிச்சலில் ஒரு பெரிய அடி வைத்தேன். கால் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். பாத்தியில் அன்றைக்கு விழுந்த பள்ளங்களிலேயே மிகப் பெரியது என் முழு உடம்பின் அச்சுதான்.

கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது. போன பருவத்து உப்பு மூட்டை ஏற்ற வந்திருந்த ‘குட்டி யானை’ மினி லாரியில் என்னைத் தூக்கி உட்காரவைத்தார்கள். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: நான் வண்டி ஏறிவிட்டேன். மங்கையையும் ஏறச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், இதெல்லாம் கணக்கில் வராது என்றேன்.

“நீங்க முன்னால போங்கண்ணி. நான் பின்னாலயே நடந்து வந்துடறேன்” என்றாள்.

மரக்காணம் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காலைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும் என்று நான் வாயெடுக்கும் முன்பே திருப்பிவிட்டாள். நல்ல கை. படத்தை நானே வாங்கிப் பார்த்தேன். எலும்பு முறியவில்லை, தசைநார்தான் பிசகியிருக்கிறது. மூன்று வாரம் ஓய்வு, இறுக்கமான கட்டு. முக்கால் மணி நேரம் கழித்து மங்கை வந்தாள். முழங்கால் வரை சேறு, ஷூக்கள் கழுத்தில் தொங்கின. பையிலிருந்து ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டிருந்தாள். நடை சாயவில்லை என்பதை அப்போதே நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என் எக்ஸ்ரே படத்தை அவளிடம் நீட்டினேன்.

மாலையில் லாட்ஜ் அறையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபடி, நாளைக்கு இரண்டு பேரும் பேருந்து ஏறிவிடலாம், மூன்று நாள் நடந்ததே பெரிய விஷயம், அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன் என்று எழுத ஆசை. உண்மை அதுவல்ல. நான் தோற்ற இடத்தில் அவள் ஜெயிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மங்கை கையைக் கழுவிவிட்டு வந்து என் காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்தாள். “நீங்க ஏறுங்கண்ணி” என்றாள். அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் போர்வையை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு எனக்கே வெட்கமாகி, கடப்பாக்கத்தில் எங்கே சாப்பிடலாம் என்று போனில் தேடிக் கொடுத்தேன். விடிந்ததும் அவள் கிளம்பினாள். ரப்பர் செருப்பு, முதுகில் பை, கையில் கொம்பு. எனக்குத் தெரிந்து, இந்த மங்கை தனியாகத் தெருமுனைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நான் பத்து மணிப் பேருந்தில் ஏறினேன். ஜன்னலோரம் கிடைத்தது. ஆலம்பாறைக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் அவளைப் பார்த்தேன். ஓர் இளநீர்க்காரரோடு ஏதோ தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயைத் திறந்தேன், பேருந்து தாண்டிவிட்டது. சாயங்காலம் கூவத்தூரில் வந்து சேர்ந்தபோது கேட்டால், அவரும் காலில் பிளேட் வைத்தவராம், அது போட்ட பிறகுதான் மரம் ஏறப் பயம் போனதாம். இவளுக்கு வழியெல்லாம் ஆள் கிடைக்கிறார்கள்.

அன்று போனில் என் வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டேன். மங்கையிடம் கொடு என்றார். குளிக்கிறாள் என்றேன். எத்தனை நேரம்தான் குளிப்பாள்? மறுநாள் விடிந்ததும் அவள் கிளம்பிவிட்டாள், அவர் மறுபடி கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என் கால், அவள் தனி நடை, எல்லாம். இரண்டு மணி நேரத்தில் காரோடு கூவத்தூர் லாட்ஜ் வாசலில் நின்றார். அவர் திட்டியதை எழுதவில்லை. தங்கைமேல் அவருக்கு உயிர், அது திட்டாக மட்டும்தான் வெளியே வரும்.

சதுரங்கப்பட்டினத்துக்கு இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும்போது அவளைப் பிடித்தோம். மத்தியான வெயில். தலையில் ஈரத்துண்டு, சீரான சின்னச் சின்ன அடிகள், தனம் சொல்லிக்கொடுத்தது போலக் குதிகாலை ஊன்றி. அவர் காரை ஓரம் கட்டி இறங்கி, பின்கதவைத் திறந்து பிடித்தார்.

“மங்கா, ஏறு. போதும். நீ நடந்துட்ட, நான் ஒத்துக்கறேன். இதுக்கு மேல வேணாம்” என்றார்.

ஒத்துக்கொள்கிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் சீட்டில் நகர்ந்து இடம் விட்டேன், பழக்கம். அவள் குனிந்து என்னைப் பார்த்தாள், என் கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள், தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“அண்ணிக்குக் கால்ல வலி இருக்கும்ண்ணா. பள்ளத்துல மெதுவா ஓட்டு” என்று சொல்லிவிட்டுக் கதவை அவளே சாத்தினாள்.

அவர் ஸ்டியரிங்கில் வந்து உட்கார்ந்தார். வண்டியை எடுக்கவில்லை. அவள் சாலையோரமாகச் சின்னதாகிக்கொண்டே போவதை இரண்டு பேரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கண் கலங்கியது, பெருமையில்தான். கொஞ்சம் பொறாமையும் இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் காரைக் கிளப்பி, அவள் நடைக்குச் சமமாக ஓட்டிக்கொண்டு போய்க் கண்ணாடியை இறக்கினார்.

“பாஸ்போர்ட் எடுக்கவே ஒரு மாசம் ஆகும்மா. நாளைக்கே எழுதிப் போட்டுடலாமா?” என்றார். அவர் அவளிடம் இப்படி யோசனை கேட்டு நான் பார்த்ததில்லை.

மங்கை நிற்கவில்லை. தண்ணீரை ஒரு வாய் குடித்து மூடியைத் திருகினாள்.

“எடுத்துட்டேன்ண்ணா. வானூர் வீட்டைப் பெருக்கப் போறேன்னு நீ கொண்டுபோய் விட்டுட்டு வருவல்ல, அப்பத்தான் பஸ் பிடிச்சு பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போய்ப் போய் எடுத்தேன். வந்து மூணு மாசம் ஆச்சு.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சத்தியமாக எனக்கும் தெரியாது.